மாவுக்குள் ஒரு சாவி

ஒரு சாவியை ஒளித்து வைக்க ஒரு வீட்டில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ரொட்டி மிஷினுக்குள் வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் பெரிய புத்திசாலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

போன வாரக் கதையில் அவரை, தனிக்குடித்தனம் போக ரகசியமாகப் பார்த்த புது வாடகை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறீர்களா இல்லையா என்று சொல்லிவிடுங்கள், இன்னொரு குடும்பம் வந்து வந்து கேட்கிறது என்று எச்சரித்து அனுப்பியிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறும்வரை மாப்பிள்ளைக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. இறங்கி வீட்டுத் தெருவில் திரும்பியதும் சிறகு உதிர்ந்துவிட்டது. வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

மாமனார் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். விடுதிதான் அவரை விட்டது, அவர் விடுதியை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் தலை எண்ணப்படும். இருப்பது மூன்று தலைதான், இருந்தாலும் எண்ணுவார். இரவு வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். யார் எங்கே கிளம்பினாலும் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவது என்கிற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தொட முடியும்.

கல்யாணம் ஆன புதிதில், "ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். அந்த ஒரு மாதம் இப்போது ஐந்தாவது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் மாப்பிள்ளை பார்ப்பது லிஃப்ட் மெக்கானிக் வேலை. எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பயப்படாதீங்க, உள்ளே நிறையக் காற்று இருக்கு, இதோ திறந்துடறேன் என்று நிதானமாகச் சொல்வார். கேட்ட மாத்திரத்தில் உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் அடங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இதை இவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

சரி, சாவிக்கு வருவோம். சட்டைப் பையில் வைக்க முடியாது. துணி துவைக்கப் போடும் முன் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்ப்பது மாமனாரின் பழக்கம். விடுதியில் அப்படித்தான் சிகரெட்டும் சீட்டுக்கட்டும் பிடித்தாராம். கட்டிலுக்கு அடியில் வைக்க முடியாது, பெருக்குவதும் அவர்தான். அப்போதுதான் மாப்பிள்ளையின் கண்ணில் அலமாரியின் மேல் பழைய துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த ரொட்டி மிஷின் பட்டது.

மாவைப் போட்டால் தானே பிசைந்து, உப்பவைத்து, வேகவைத்தும் தரும் அந்த மிஷின், மாமனார் ஓய்வு பெற்ற அன்று விடுதிப் பையன்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. சாதா ரொட்டி, இனிப்பு ரொட்டி என்று ஒவ்வொன்றாகச் செய்து தேறி, கடைசியில் மாமனார் பிரியோஷில் வந்து மாட்டிக்கொண்டார். பிரியோஷ் என்பது முட்டையும் வெண்ணெயும் தாராளமாகப் போட்டுச் செய்கிற ரொட்டி. பஞ்சுபோல வர வேண்டும், பிய்த்தால் நூல் நூலாகப் பிரிய வேண்டும். முதல் வாரம் வந்ததை வைத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்போல இருந்தது. அடுத்தது மலைபோல எழும்பிப் பள்ளமாக உட்கார்ந்தது. அதற்கும் அடுத்ததில் வெண்ணெய் வழிந்து புகைந்து, பக்கத்து வீட்டிலிருந்து வாளித் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் துண்டைப் போர்த்தினார். இனிமேல் இந்தப் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்றார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அதனால் மிஷினுக்குள் இருக்கும் பாத்திரத்தைவிடப் பத்திரமான பெட்டகம் இந்த வீட்டில் கிடையாது என்று மாப்பிள்ளை முடிவு கட்டினார்.

அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்று ஐந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்ததுதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை உட்கார்த்திவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கண் சோதிப்பது அவள் வேலை. அன்றைக்கு அரைநாள்தான் கடை. கிளம்பும்போது கேட்டருகில் வைத்துக் கணவனிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"நான் வர்றதுக்குள்ள அப்பாகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா அழுதுடுவேன். நான் அழுதா அவர் 'சரி பாப்பா, போயிட்டு வாங்க'ம்பார். அவர் அப்படிச் சொன்னா அப்புறம் நான் எங்க போறது?"

நியாயமான பேச்சுதான். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒத்திகை பார்த்தார். மாமா, ஒரு விஷயம். மாமா, தப்பா எடுத்துக்கக் கூடாது. மாமா, பக்கத்துலதான், ஒரே பஸ். மூன்றாவதுதான் நன்றாக இருந்தது. துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர் காதில் ஒரு சத்தம் விழுந்தது.

டக். டக். கர்ர்ர். டக்.

மெஷின் அறைக்குள் நுழையாமலே, ஓடுகிற சத்தத்தை வைத்து எந்த லிஃப்டில் எங்கே என்ன இடிக்கிறது என்று சொல்லிவிடும் ஆள் அவர். இதையும் கேட்டவுடனே கண்டுபிடித்துவிட்டார். இந்த ஒரு தடவை கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

சமையலறையில் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. மிஷின் மேடைக்கு இறங்கி வந்திருந்தது. எதிரே மாமனார் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கண்ணாடி இல்லை. புது லென்ஸ் போடுவதற்காக மகள் நேற்றே எடுத்துப் போயிருந்தாள், மத்தியானம்தான் வரும். பாலையும் முட்டையையும் பாத்திரத்தில் ஊற்றி, அதன் மேல் மாவைக் கொட்டி, ஈஸ்ட்டைப் போட்டு எல்லாவற்றையும் அவர் கைத்தடவலில் முடித்திருந்தார். பாத்திரத்தின் அடியில், மாவைப் பிசைகிற துடுப்புக்குக் கீழே ஒரு சாவி கிடந்ததை விரலும் பார்க்கவில்லை, கண்ணும் பார்க்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளை. இன்னைக்கு என் கண்ணு நீங்கதான்."

படுத்துக்கொண்டிருக்கும்போது தப்பு எங்கே என்று பிடிபட்டுவிட்டதாம். இத்தனை நாளும் வெண்ணெயை முதலிலேயே போட்டிருக்கிறார். விடுதிக்குப் புதுப் பையன்கள் வருகிற அன்றைக்கே எல்லா வசதியும் செய்து கொடுத்துவிட்டால் ஒருத்தன் இன்னொருத்தனோடு ஒட்டமாட்டான். முதலில் கொஞ்சம் இடிபட வேண்டும், கை கோக்க வேண்டும். அப்புறம்தான் துளித்துளியாகச் செல்லம் கொடுக்க வேண்டும். மாவும் அப்படித்தானாம். பிசைந்து, இழுத்தால் நீளுகிற பதத்துக்கு வந்த பிறகு, குளிர்ந்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு துண்டு காணாமல் போன பிறகுதான் அடுத்தது.

காணாமல் போகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் கண் வேண்டும். வெண்ணெய்த் தட்டை மாப்பிள்ளையின் கையில் கொடுத்து அவரை மிஷின் முன் நிறுத்தினார். தான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாசலைத் தவிர வெளியே போக வேறு வழி கிடையாது.

சத்தம் ஒரு மாதிரி இருக்கிறதே, நிறுத்திவிட்டு என்னவென்று பார்த்துவிடலாமா என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். நிறுத்தினால் இந்த மிஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து பிசைய ஆரம்பிக்கும், மாவு கெட்டுவிடும் என்றார் மாமனார். பிறகு, "நீங்க உள்ள ஆள் இருக்கறப்ப லிஃப்டப் பாதியில விட்டுட்டு வருவீங்களா?" என்று ஒரு கேள்வி போட்டார். உள்ளே இருப்பது யார் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும்.

ஒரு துண்டு போட்டார். குனிந்து பார்த்தார். மாவு சுற்றியது, வெண்ணெய் வழுக்கியது, பிறகு கரைந்து காணாமல் போனது. டக் என்றது. போயாச்சு மாமா என்றார். அடுத்தது என்றார் மாமனார். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

வெண்ணெய் விழ விழ மாமனாருக்குப் பழைய கதைகள் வந்தன. அறைகளில் சோதனை போட்டு ஏதாவது பிடிபட்டால், பையன்களை வரிசையாக நிறுத்தி அதை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாராம். இது யாரோடது என்று ஒரே கேள்விதான் கேட்பாராம். பெரும்பாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சில அறைகளில் ஒருத்தன் இன்னொருத்தனைக் காட்டிக்கொடுப்பான். எப்போதாவது ஒரு தடவை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் என்னுடையது சார் என்று சொல்லிவிடுவார்களாம்.

"அப்படி ரெண்டு பேர் சொல்லிட்டா நான் செத்தேன் மாப்பிள்ளை. யாரத் தண்டிக்கறது?"

கதவுக்குப் பின்னால் தொங்கிய அயர்ன் பெட்டி அப்போது மாப்பிள்ளையின் கண்ணில் பட்டது. தொழில் புத்தி விழித்துக்கொண்டது. லிஃப்ட் மாட்டிக்கொண்டால் முதல் வேலை மெயினை நிறுத்துவது. இந்த வீட்டுப் பழைய ஒயரிங்கில் ரொட்டி மிஷினும் அயர்ன் பெட்டியும் ஒன்றாக ஓடினால் ஃப்யூஸ் போய்விடும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சட்டை கசங்கியிருக்கிறது, ஒரு நிமிஷம் மாமா என்று பிளக்கைச் செருகினார். பட்டென்று வீடு அடங்கியது. ஃபிரிட்ஜ்கூட முனகலை நிறுத்தியது. மாப்பிள்ளை கையை நீட்டிக்கொண்டு மிஷினைப் பார்த்துத் திரும்பினார்.

மாமனாரின் உள்ளங்கை ஏற்கெனவே மூடியின் மேல் இருந்தது. கண் சரியாகத் தெரியாதவருக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. யாரும் திறக்கக் கூடாது என்றார். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் வரைக்கும் இதற்கு ஞாபகம் இருக்குமாம், சீக்கிரம் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுமாம். வீட்டில் கரண்ட் தெரிந்தவர் ஒருவர்தானே இருக்கிறார், ஃப்யூஸைப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

தான் அணைத்த மெயினைத் தானே ஓடிப் போய்ப் போட்டுவிட்டு, மறுபடியும் வெண்ணெய்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார் நம் மாப்பிள்ளை.

பையில் இருந்த செல்போன் அதிர்ந்தது. மனைவிதான். 'சொல்லியாச்சா?'

ஒரு கையால் தட்டினார். 'வெண்ணெய் போட்டுட்டு இருக்கேன்.'

'யாருக்கு?'

செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

கடைசித் துண்டும் காணாமல் போனபோது மாவு பட்டுப்போல ஆகியிருந்தது. பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுழன்றது. டக் சத்தம் நின்றுவிட்டது. மூடியில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கண்ணெதிரே ஒரு நொடி பளிச்சென்று சாவியின் தலை வெளியே வந்தது, அவரைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. பிறகு மிஷினும் ஓய்ந்தது. இனி மாவு உப்ப வேண்டும். அதுவரை மூடியைத் திறந்தால் சூடு போய் உட்கார்ந்துவிடும் என்று மாமனார் ஸ்டூலை மிஷினுக்குப் பக்கத்திலேயே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

சொல்வதாக இருந்தால் இப்போதுதான். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். மாமா, பக்கத்துலதான் என்று ஆரம்பிப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

அது மாப்பிள்ளையின் வசனம். குளியலறையில் தண்ணீர் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்குமோ என்று ஒரு நிமிஷம் அவருக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் வேறு. இரவு வேலைக்கு அழைப்பு வந்தால் மாப்பிள்ளை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, விரல் நுனியில் நடந்து, மாமனாரை எழுப்பாமல் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை உருவ முயற்சி செய்வார். மாமனார் தூங்குகிற மாதிரி படுத்திருந்து, தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பாராம். இத்தனை வருஷமாக அது தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் இப்போது வெண்ணெய்க் கையோடு நின்றார்.

"ஒரு மனுஷன் தன் வீட்டுலேயே திருடன் மாதிரி போகக் கூடாது. அதனால உங்க ரூம்ல தெருப் பக்கம் சுவத்த உடைச்சுத் தனியா ஒரு வாசல் வைக்கறேன். கொத்தனார் நாளைக்கு வர்றார். உங்க கதவு, உங்க பூட்டு. எங்க போறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, உண்மையைச் சேர்த்துக்கொண்டார். "கேக்காம இருக்கப் பாக்கறேன்."

மாப்பிள்ளை மிஷினைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மாவு சத்தமில்லாமல் உப்பிக்கொண்டிருந்தது, பாத்திரத்தின் விளிம்பை நோக்கி, மேலே, மேலே. ஒருவரைத் திட்டிக் கட்டிப்போட்டால் உதறிக்கொண்டு ஓடிவிடலாம். இப்படிக் கட்டினால் எந்தப் பக்கம் இழுத்து எந்த முடிச்சை அவிழ்ப்பது? சரி மாமா என்றார். சொல்லிவிட்டு, எதற்குச் சரி சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி வந்தபோது வீடு முழுக்க வாசனையாக இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே கண்ணால் கேட்டாள். அவர் கண்ணால் இல்லை என்றார். துணி காயப்போடும் பின்பக்கத்துக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார்.

"சாவி ரொட்டிக்குள்ள இருக்கு."

"எந்த ரொட்டிக்குள்ள?"

"இப்ப வேகுதே, அந்த ரொட்டிக்குள்ள."

அவள் அவரைப் பார்த்த பார்வையில், தினமும் முதல் வரி எழுத்தையே படிக்கத் தெரியாமல் நிற்பவர்களைப் பார்க்கும் அந்தப் பொறுமை இருந்தது. தனி வாசல் விஷயத்தையும் சொன்னார். அவள் காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, மடிக்காமலே தோளில் போட்டுக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று அவர் பயந்தார். அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அது வேறு எதுவோ ஆகி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே மிஷின் பீப் என்றது.

மாமனார் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக் கவிழ்த்தார். தட்டினார். ரொட்டி முழுசாக வந்து விழுந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: மேலே செம்மண் நிறம், பக்கங்களில் பொன் நிறம், விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அடியில் துடுப்பு இருந்த இடத்தில் ஒரு குழி. மாப்பிள்ளை குழிக்குள் எட்டிப் பார்த்தார். சாவி அங்கேயாவது மாட்டியிருக்கக் கூடாதா. இல்லை.

சூடு கொஞ்சம் அடங்கியதும் மாப்பிள்ளை, நான் வெட்டறேன் மாமா, உங்களுக்குக் கண் தெரியாதே என்று கத்தியை எடுத்தார். மாமனார் அதை வாங்கிக்கொண்டார். இத்தனை வாரம் தோற்றவன் நான், வெட்டுவதும் நான்தான் என்றார்.

முதல் துண்டு விழுந்தது. உள்ளே மஞ்சளாக, மென்மையாக, ஒரு குற்றமும் இல்லாமல். அடுத்த துண்டும் விழுந்தது. மாப்பிள்ளை மூச்சு விட்டார். அதற்கடுத்த துண்டின் நடுவில் கத்தி நின்றது.

மாமனார் அழுத்தினார். இறங்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு விரலால் பிளந்தார். நூல் நூலாகப் பிரிந்தது ரொட்டி, அவர் மூன்று வாரமாகக் கனவு கண்ட மாதிரியே. அதற்குள்ளிருந்து வெண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு ஒரு சாவி வந்தது. கட்டைவிரலால் அதன் பல்லைத் தடவினார். தன் வீட்டுச் சாவி எப்படி இருக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியாதா. இது அது இல்லை.

"பாப்பா, கண்ணாடி."

மகள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். புது லென்ஸ், எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும். சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இது யாரோடது?"

"என்னோடது மாமா."

"என்னோடதுப்பா."

இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தன. மாப்பிள்ளை திரும்பி மனைவியைப் பார்த்தார். விடுதிக் கதையைக் கேட்டவர் அவர் மட்டும்தான். அவள் அப்போது கடையில் இருந்தாள்.

மாமனார் தோளில் இருந்த துண்டால் சாவியை ஒட்டியிருந்த துகள் போக நிதானமாகத் துடைத்தார். இதைக் கழுவிட்டாவது உள்ள போட்டீங்களா என்று கேட்டார். சோப்புப் போட்டுக் கழுவித்தான் வைத்தேன் மாமா என்று மாப்பிள்ளை சொன்னபோது, வார்டனுடைய மீசை ஒரு பக்கம் அசைந்த மாதிரி இருந்தது. அது சிரிப்பா, வேறா என்று சொல்ல முடியாது.

"எத்தனாவது மாடி?"

"மூணாவது மாமா."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு. ஓடல."

மாமனார் தலையை ஆட்டினார். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு தட்டில் ஆளுக்கொரு துண்டு வைத்து அவர்கள் முன் தள்ளினார். சாப்பிடுங்கள், ஆறிவிடும் என்றார். தனக்கு எடுத்துக்கொள்ளாமல் எழுந்து முன்னறைக்குப் போனார்.

அங்கிருந்து அவர் போனில் பேசுவது கேட்டது. கொத்தனாரிடம்.

"நாளைக்கே வந்துடுங்க. அதே சுவர்தான். கதவு கண்டிப்பா வேணும்." கொஞ்ச நேரம் எதிர்முனையைக் கேட்டார். "பூட்டு வேணாம். பூட்டு இல்லாத கதவு போதும். எப்ப வந்தாலும் திறந்திருக்கணும்."

மேசைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் செல்போன் அதிர ஆரம்பித்தது. புது வீட்டுக்காரம்மா. அவர் எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை. போன் மேசை மேல் அதிர்ந்தபடியே நகர்ந்து வெண்ணெய்த் தட்டில் போய் முட்டி நின்றது.

"பயப்படாதீங்க. நிறையக் காத்து இருக்கு," என்றாள் அவள், மெதுவாக.

மாப்பிள்ளை ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல இடமில்லாமல், மறுபடியும் கையை நீட்ட வைக்கும்படியாக, அபாரமாக வந்திருந்தது அந்தப் பிரியோஷ்.